ஒரு அருள்நிறைக்கு ஒரு சொட்டு

பத்து மணிக்கு வருகிறேன் என்று தெக்லா சொல்லியிருக்கிறாள், இப்போது எட்டரை இருக்கும், அதற்குள் இந்த ஒழுக்கை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று கித்தேரியான் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற பொந்துக்குள் குப்புறப் படுத்தபடி நினைத்தார். அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதன் இப்படி மடங்கிப் படுக்கக் கூடாதுதான், தொப்பை வேறு எஞ்சின் கட்டையில் இடிக்கிறது, ஆனால் இந்தப் பாய்மரப் படகைக் கட்டியவன் தொப்பைக்கு இடம் விட்டுக் கட்டவில்லை. கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தப் பித்தளைக் குப்பி இருந்தது. எஞ்சின் சுழற்றுகிற தண்டு அதற்குள் நுழைந்து வெளியே போய்த்தான் கடலுக்குள் புரொபெல்லரைத் திருப்புகிறது. தண்டு வெளியே போகிற வழியாகவே கடல் உள்ளே வரப் பார்க்கும். வராமல் இருக்கக் குப்பிக்குள் தண்டைச் சுற்றிக் கிரீஸ் ஊறிய கயிறு மூன்று வளையம், கயிற்றை நெருக்கிப் பிடிக்க இரண்டு நட்டு, அவ்வளவுதான் சங்கதி, கிளாண்ட் என்பார்கள். ஆனால் அதன் குணம் இருக்கிறதே, அது மாமியார் குணம். ஒரு சொட்டுகூட வராமல் முடுக்கினால் கயிறு காய்ந்து கருகித் தண்டையே தின்றுவிடும், தளர விட்டால் கடல் குடிவந்துவிடும், எஞ்சின் ஓடும்போது அளவாகச் சொட்டிக்கொண்டிருந்தால்தான் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முப்பது வருஷம் கப்பல்களின் எஞ்சின் ரூமில் வெந்தவருக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனால் காலையில் வந்து பலகையைத் தூக்கினால், எஞ்சின் ஓடாமலே, கட்டின இடத்தில் சும்மா நிற்கிற படகுக்குள் நூல் பிடித்தாற்போலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. போயும் போயும் இன்றைக்கா, பதினொரு வருஷம் கழித்து அவள் வருகிற அன்றைக்கா.

நேற்று மத்தியானம் சோறு போடும்போது அவளாகத்தான் கேட்டாள். “நாளைக்கு உங்க அன்னம்மாளுல ஒரு சுத்து போயிட்டு வருவமா?” அன்னம்மாள் என்பது படகின் பெயர், ‘உங்க’ என்பது பதினொரு வருஷமாக அதற்கு அவள் வைத்திருக்கும் அடைமொழி. பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. ஏன் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் சும்மாதான், வேண்டாம் விடுங்க என்று எடுத்துக்கொண்டிருப்பாள். “முயல்தீவு வரைக்கும் போவம்” என்று மட்டும் சொன்னார், “பத்து மணிக்கு வாரேன்” என்று அவள் ரசத்தை ஊற்றினாள், அதற்குமேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஷெரின் மாப்பிள்ளையோடு மஸ்கட் போய் நாளையோடு ஒரு மாசம். மகள் இருந்தவரைக்கும் இவர் காலையில் படகுக்குக் கிளம்பி வந்துவிட்டால் சாயங்காலம் வரை வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது, இப்போது அவர் திரும்பிப் போகும்போது தெக்லா டிவியைப் போட்டுவிட்டு டிவியைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டும் மறுநாள் காலையில் படகுக்குத்தான் வந்தார். இன்றைக்கு அவள் படகுத்துறை ஜெட்டியில் நின்று இந்தத் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள் என்றால் இனி ஒருநாளும் கேட்க மாட்டாள், அது நிச்சயம், சத்தியம் செய்துகூடச் சொல்லலாம். நாளைக்கு வைத்துக்கொள்வோமா என்று போன் செய்யலாமா என்று தண்ணீரைப் பார்த்ததும் ஒருமுறை நினைத்தார், போனைக் கையில் எடுக்கவும் செய்தார், பிறகு அதை நனையாத இடத்தில் மேலே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். சுழல்கிற தண்டுக்குப் பக்கத்தில் கையில் எதையும் மாட்டிக்கொண்டு போகிறவன் மடையன். ஸ்பேனரும் பிளேடும் பழைய துணியும் கிரீஸ் டப்பாவும் எடுத்துக்கொண்டு பொந்துக்குள் நுழைந்தார்.

நட்டு இரண்டும் முதலில் முரண்டு பிடித்தன, அப்புறம் இளகின, குப்பியின் மூடியை மெதுவாகப் பின்னால் தள்ளியதும் நூல் மாதிரி வந்த தண்ணீர் விரல் தடிமனுக்கு வர ஆரம்பித்தது, அது வரும் என்று தெரிந்ததுதான். கீழே பேட்டரி பம்பு கர்கர் என்று இருமிக்கொண்டு இறைத்தது. பம்பை மட்டும் நம்பக் கூடாது என்று பச்சை வாளியும் எடுத்து வைத்திருந்தார். முறுக்குக் கம்பியை உள்ளே விட்டுத் திருகி இழுத்ததும் முதல் வளையம் கறுப்பாக, கருவாட்டு வால் போல வந்தது, இரண்டாவது பாதியில் அறுந்து இரண்டு தவணையில் வந்தது, மூன்றாவது வந்ததா. கையில் நான்கு துண்டு இருக்கிறது. முதல் வளையம் ஒரு துண்டு, இரண்டாவது இரண்டு துண்டு, அப்படியானால் இது மூன்றாவதா, இல்லை இரண்டாவதே மூன்றாக அறுந்ததா. ஆழத்தில் ஒரு பழைய வளையம் தங்கிவிட்டால் புதிது மூன்றும் உட்காராது, உட்கார்ந்த மாதிரி காட்டிவிட்டுக் கடலில் வைத்துக் காலை வாரும். துண்டுகளைப் பலகைமேல் வட்டமாக வைத்துப் பார்த்தார், ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று, சரியாக இருந்தது. மறுபடியும் வைத்துப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கம்பியை இன்னொரு தடவை உள்ளே விட்டுத் துழாவினார், தண்டில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டதும்தான் நிம்மதி வந்தது. பக்கத்துத் தோணியில் உப்பு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது, ஏலே பிடி, ஏலே விடு என்று சுமைக்காரர்கள் போடுகிற சத்தம் படகின் பலகை வழியாகவே காதுக்குள் வந்தது. துணியைக் குப்பியின் வாயில் திணித்துவிட்டு வாளியை இழுத்தார். பம்பு சாப்பிட்டது போக மிச்சத்தை மொண்டு மொண்டு தலைக்கு மேலே தூக்கி வெளியே ஊற்றினார். வாளியின் பிடியில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் உறை போய்க் கம்பி தெரிந்தது. அதே வாளிதான். வேறு வாளி வாங்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

அதே வாளி என்று நினைத்ததும் அந்த நாள் வந்துவிட்டது, வரக் கூடாது என்றுதான் காலையிலிருந்து வேறு எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தார். மணப்பாட்டில் தெக்லாவின் அக்கா வீட்டு விசேஷம் முடிந்து இரண்டு பேருமாகப் படகில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காற்று விழுந்துவிட்டது, அலை மட்டும் விழவில்லை, பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சினைப் போட்டார். சுக்கானை அவளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு — இல்லை, சுக்கானைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு — இவர் இதே பொந்துக்குள் வந்து இதே மாதிரி படுத்துச் சொட்டு எண்ணினார். சொட்டு எண்ணுவதற்குத் தோணிக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. கையில் கடிகாரம் கூடாது, வைத்திருந்தாலும் எண்ணெய் பட்டு முள் தெரியாது, ஆகவே செபந்தான் கடிகாரம். ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்கிற அருள்நிறை மந்திரத்தை நிதானமாகச் சொன்னால் கால் நிமிஷம். ஒரு அருள்நிறைக்கு ஒரு சொட்டு விழுந்தால் ராஜா மாதிரி போகலாம், இரண்டு பரவாயில்லை, மூன்றானால் நட்டை ஒரு கடுகளவு முடுக்கு, முடுக்கியும் கூடிக்கொண்டே போனால் எஞ்சினை நிறுத்திப் பார். கூடுவதுதான் எச்சரிக்கை, கயிறு கருகுகிறது, விடப்போகிறது என்று அது முன்கூட்டியே சொல்கிறது. அன்றைக்கு இரண்டு, இரண்டு, இரண்டு என்றே இருந்தது. மணப்பாட்டிலிருந்து புறப்பட்டபோது இரண்டு, காயல்பட்டினம் கடக்கும்போது இரண்டு, புன்னைக்காயலுக்கு நேரே வரும்போதும் இரண்டு, அப்புறம் திடீரென்று கயிறு பிய்த்துக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியது, பத்து நிமிஷத்தில் தரைப்பலகை மிதந்தது, எஞ்சின் முங்கிச் செத்தது. நல்லவேளை, விசைப்படகுக்காரர்கள் சிலர் பார்த்துவிட்டுக் கயிறு கொடுத்து இழுத்து வந்தார்கள். கரையில் இறங்கியதும் அத்தனை பேர் முன்னாலும் கித்தேரியான் சிரித்துக்கொண்டே சொன்னார், இவ பயத்துல செபத்த ஓட்டோ ஓட்டுன்னு ஓட்டிட்டா, நான் அத வச்சுக் கணக்கு போட்டேன், செபம் ஓடுனா சொட்டு கொறஞ்ச மாதிரிதான தெரியும், பொண்டாட்டி செபத்த நம்பி முங்குனவன் நான் ஒருத்தன்தான் என்று. எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. அதற்கப்புறம் கல்யாண வீடுகளில், ஞானஸ்நான விருந்துகளில், கப்பல்காரர்கள் கூடுகிற இடங்களில் எல்லாம் ‘கித்தேரி, அந்தச் செபக் கதையச் சொல்லும்’ என்று கேட்டு வாங்கிக்கொள்கிற அளவுக்கு அது பேர்பெற்ற கதையாகிவிட்டது. தெக்லா ஒரு தடவையும் மறுத்ததில்லை. எழுந்து உள்ளே போய்விடுவாள். படகில் மட்டும் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. தண்ணீரைக் கண்டு பயந்துவிட்டாள் என்று அவர் ஊருக்குச் சொன்னார், தனக்கும் அதையே சொல்லிக்கொண்டார்.

புதுக் கயிற்றைத் தண்டின் வெளியே தெரிகிற இடத்தில் சுற்றிப் பிளேடால் சரிவாக வெட்டினார். நேராக வெட்டினால் இணைப்பில் சந்து விழும், சரிவாக வெட்டினால் முனையோடு முனை படுத்துக்கொள்ளும். முதல் வளையத்தின் இணைப்பு மேலே, இரண்டாவதன் இணைப்பு கீழே வலப்பக்கம், மூன்றாவது கீழே இடப்பக்கம், ஒன்றின் வாய்க்கு நேரே இன்னொன்றின் வாய் வரக் கூடாது. கிரீஸைத் தாராளமாகப் பூசி, துணியை எடுத்து, தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்க முதல் வளையத்தை மரக்குச்சியால் உள்ளே தட்டினார். முகத்தில் அடித்த தண்ணீர் உப்பும் டீசலுமாக இருந்தது. அந்த வாடை பட்டதும் வாளி மறுபடியும் வந்தது. அன்றைக்கு வாளி எங்கே இருந்தது? தண்ணீர் பீய்ச்சியதும் மேலே ஓடிப்போய் வாளி எங்கே என்று கத்தினார், அது நினைவிருக்கிறது. வாளி தெக்லாவின் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொண்டு தலையை அதற்குள் விட்டிருந்தாள். அவளிடமிருந்து பிடுங்கிக் கடலில் அலசிவிட்டுத்தான் தண்ணீர் மொண்டார். ஆமாம், மணப்பாட்டுக் கழிமுகத்தைத் தாண்டும் முன்பே அவளுக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது வளையம் உள்ளே போனது, தண்ணீர் விரலிலிருந்து நூலானது. வாந்தி எடுக்கிறவள் சத்தம் போட்டுச் செபம் சொல்வாளா? நடுநடுவே சொல்லியிருப்பாள். சொல்லியிருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இவர் எதை வைத்து எண்ணினார், காதில் கேட்டதே, இன்றைக்கும் கேட்கிறதே, மரியே வாழ்க மரியே வாழ்க என்று ஓடிய அந்தக் குரல். மூன்றாவது வளையம் முரண்டாமல் உட்கார்ந்தது. தண்ணீர் நின்றது. நட்டு இரண்டையும் கை முடுக்காக முடுக்கி, ஸ்பேனரால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சமமாக நெருக்கினார். அந்த வாளி விஷயம் மனசில் முள் மாதிரி நின்றது, ஆனால் மணி ஒன்பதரையாவது ஆகியிருக்கும், முள்ளைப் பிடுங்க நேரமில்லை.

மேலே ஏறி, கட்டுக்கயிறுகளை ஒருதரம் பார்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பி மெதுவாக கியர் போட்டார். படகு கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு அடங்கியது. பழையபடி பொந்துக்குள் நுழைந்து படுத்தபோது தண்டு மினுமினுவென்று சுழன்றுகொண்டிருந்தது, குப்பியின் அடியில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. கித்தேரியான் ஆரம்பித்தார். அருள் நிறைந்த மரியே வாழ்க என்று தொடங்கி ஆமென் வரைக்கும் ஒன்று. ஒரே ஒரு சொட்டு. மறுபடியும். ஒன்று. ராஜா மாதிரி போகலாம், முயல்தீவு என்ன, இலங்கைக்கே போகலாம் என்று நினைத்தார், அப்படி நினைத்த மறுகணமே, ஒருவேளை முதல் வளையம் சரியாக உட்காராவிட்டால், தீவுக்கு அந்தப் பக்கம் போனபின் விட்டுவிட்டால், அவள் மறுபடியும் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்று பயம் வந்துவிட்டது. மறுபடியும் சொன்னார். ஒன்று. எஞ்சின் காதுக்குள்ளேயே சம்மட்டி அடித்தது, தன் வார்த்தை தனக்கே கேட்காததால் குரலை உயர்த்திச் சொன்னார். ஒன்று. பக்கத்துத் தோணிக்காரர்கள் வேலையை முடித்துவிட்டார்களா என்ன, சத்தத்தையே காணோம் என்று தலையைத் திருப்பி மேலே திறப்பு வழியாகப் பார்த்தார், ஒருவன் மூட்டையோடு பலகையில் நடந்துகொண்டிருந்தான், வாய் திறந்து திறந்து மூடியது, ஏலே பிடி, ஏலே விடு என்றுதான் கத்துகிறான், ஒரு எழுத்துகூட இங்கே கேட்கவில்லை. கித்தேரியான் அப்படியே கிடந்தார். எஞ்சின் ஓடும்போது இந்தப் பொந்துக்குள் மேலே இருக்கிறவன் சத்தம் கேட்காது. பத்தடியில் மூட்டைக்காரன் கத்துவது கேட்கவில்லை. அன்றைக்கும் இதே எஞ்சின், இதே பொந்து. மேலே வாளிக்குள் தலையை விட்டிருந்த ஒருத்தியின் செபம் எப்படிக் கேட்டிருக்கும். கேட்ட குரல் யாருடையது. உதடு மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது, மரியே வாழ்க மரியே வாழ்க என்று, ஒரு சொட்டு விழுந்தது, ஒன்று என்றது வாய்.

உள்ளங்காலில் எதுவோ இடித்தது. திரும்பிப் பார்த்தால் திறப்புக்கு மேலே தெக்லா நின்றிருந்தாள், கையில் இருந்ததைக் கொண்டுதான் இடித்திருக்கிறாள், அது ஒரு புது வாளி, சிவப்பு, கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அவள் வாய் அசைந்தது. அவர் எழுந்து வந்து எஞ்சினை நிறுத்தினார்.

“எம்புட்டு நேரமா கூப்பிடுதேன்” என்றாள். “நீங்க கத்துறது ஜெட்டி முனை வரைக்கும் கேக்கு. அது என்ன, செபமா மீன் ஏலமா? மூச்சு விடாம ஓட்டுதிய?”

அவர் “வாளி எதுக்கு?” என்று கேட்டார்.

“அன்னைக்கு மாதிரி வாந்தி வந்துச்சுன்னா? உங்க வாளியப் பிடுங்கிட்டுப் போயிருவியளே.” முந்தானையில் முடிந்திருந்த இஞ்சி மொரப்பாவை அவிழ்த்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு அவர் நனைந்து கிடக்கிற கோலத்தையும், கழன்று கிடக்கிற பலகைகளையும், கறுத்த கயிற்றுத் துண்டுகள் வட்டமாக அடுக்கி இருப்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “ஒழுகுதா?” என்றாள்.

“ஒழுகுச்சு. கயிறு மாத்திட்டேன்.”

“இப்போ எத்தனை?”

ஒன்று என்று வாய் வரைக்கும் வந்தது. அது பொய்யும் இல்லை, நாலு தடவை எண்ணியாயிற்று. கித்தேரியான் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“தெக்லா, அன்னைக்கு நீ செபமே சொல்லலைல்லா?”

அவள் மொரப்பாவைக் கடிப்பதை நிறுத்தினாள்.

“உனக்கு வாந்தி. வாளியப் பிடிச்சிட்டுல்லா இருந்த. செபத்த ஓட்டுனது நான். எனக்குத்தான் பயம். என் செபத்த நானே கேட்டுட்டு, உன் செபம்னு” என்றவர், மேலே போக முடியாமல் நிறுத்தினார். வெட்கமாக இருந்தது. அறுபத்து மூன்று வயதில் காது மடல் எல்லாம் சுட்டது.

பக்கத்துத் தோணியில் ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது. தெக்லா சிவப்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். “பதினோரு வருசம்” என்றாள். “ஷெரின் கல்யாணப் பந்தியிலகூடச் சொன்னிய. சம்மந்தி வீட்டுக்காரங்க சிரிச்சிட்டே எனக்குச் சோறு வச்சாங்க. எனக்கு இறங்கல.”

“நீ அப்பவே சொல்லியிருக்கலாம்லா, நான் செபமே சொல்லலன்னு.”

“ஆமா. ரெண்டு பேரும் முங்கிச் சாகப் போகும்போது இவ செபம்கூடச் சொல்லல பாரும்பாங்க. அதுக்கு இது தேவல.” கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் அழுவது தெரிந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, அப்படியே விட்டாள். பிறகு, “இத எங்க அக்கா முன்னாடி சொல்லணும்” என்றாள்.

“சொல்லுதேன்.”

“இந்தப் படகுலயே மணப்பாடு போயிச் சொல்லணும்.”

“போயிச் சொல்லுதேன்.”

அவள் எழுந்தாள், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, பொந்தின் வாயில் முழங்காலிட்டாள். “எஞ்சினப் போடுங்க. நான் சொல்லுதேன், நீங்க எண்ணுங்க.”

அவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டு வந்து அவளுக்கு முன்னால் நுழைந்து படுத்தார். தெக்லாவும் பின்னாலேயே ஊர்ந்து வந்து குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள், இஞ்சி வாடை அடித்தது. வீட்டில் செபமாலை சொல்கிற அதே நிதானத்தில், ஒவ்வொரு வார்த்தையையும் முழுசாக உட்காரவைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொன்னாள். முதல் பாதி முடிவதற்குள் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்ததும் திரண்டு விழுந்தது. ஆமென் என்று அவள் சொல்லி முடித்தபோது அடுத்தது விழுந்தது.

தலையைத் திருப்பிப் பார்த்தார். அவள் முகம் ஒரு சாண் தள்ளி இருந்தது.

“மூணு” என்றார்.

“அப்போ முடுக்குங்க” என்றாள் தெக்லா. அவர் ஸ்பேனரை எடுத்து நட்டு இரண்டையும் கடுகளவு கடுகளவு நெருக்கினார். அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள், கொஞ்சமும் அவசரப்படாமல்.